மீன் தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடி

17 ஆகஸ்ட் 1954, செவ்வாய். ராயபுரம்.

கப்பலில் வேலை செய்யும் என் கணவர் சிங்கப்பூரிலிருந்து மூன்று ஏஞ்சல் மீன்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்து முட்டையிட்டதிலிருந்து மூன்றாவதை விரட்டி விரட்டிக் கொத்துகின்றன. இன்று காலை அதன் வாலில் பாதியைக் காணோம். ஒரு மீன் செத்தாலும் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். வேறு தொட்டியும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த அவருடைய பெரிய படத்தைக் கழற்றி, அதன் கண்ணாடியைத் தொட்டிக்கு நடுவில் தடுப்பாகச் செருகினேன். இடுக்கில் பழந்துணியைச் சுருட்டி அடைத்தேன். மீன் பிழைத்துக்கொண்டது. கண்ணாடி இல்லாத படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினேன்.

காசிமேட்டிலிருந்து திரும்பிய மாமியார் படத்தைப் பார்த்துவிட்டார்.

"கண்ணாடி இன்னாச்சு?"

"மீனுக்கு வச்சிட்டேன் அத்தை."

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, "அவன் கேட்டா நான்தான் எடுத்து வச்சேன்னு சொல்றேன். நீ வாயத் தொறக்காத, இன்னா?" என்றார்.

போன தடவை குறுக்கே வந்த அத்தையையும் என் கணவர் பிடித்துத் தள்ளினார். அத்தையால் இன்னும் வலது கையைத் தூக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது. அது வராமலே போனால் என்ன என்று இன்று நினைத்தேன். எழுதியும் விட்டேன். இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்.