கண்மாய் கண் ஆன வாரம்

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே வெயில். பரவை ஸ்டாப்பில் நாற்பது நிமிடம் நின்றேன். வந்த பஸ்ஸிலும் நின்றேன். காற்று உண்டு, புழுதியோடு.

வேலை: அலங்காநல்லூர்ப் பக்கத்து நாற்பத்தாறு கண்மாய். சர்வே ஆட்கள் கொடுத்த பழைய ஃபைல்களை கன்வெர்ட் பண்ணி, ஒரே மேப்பாக்கி, பெரிய கண்மாய் மேலே வருகிற மாதிரி ஒரு பட்டியலும் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே விவசாயிகள் கூட்டம். பட்டியலில் முதல் பத்து எதுவோ அதைத்தான் மழைக்கு முன்னால் தூர் வாருவார்கள். மற்றதெல்லாம் அடுத்த வருஷம், வந்தால்.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கன்வெர்ட் ஆனது. எரர் இல்லை. மேப்பைத் திறந்தால் மதுரைப் பக்கமே காலி. தேடு தேடென்று தேடியதில், நாற்பத்தாறு கண்மாயும் வடதுருவத்துக்குக் கிட்டே பனிக்கடலில் மிதக்கின்றன.

செய்து பார்த்தவை: மென்பொருளை அழித்து மறுபடி இன்ஸ்டால். மறுபடி கன்வெர்ட். ஃபோரத்தில் தேடல், ஆறு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் சண்டை, பதில் மட்டும் இல்லை. இலவச மென்பொருள், யாரையும் திட்டவும் முடியாது. டீ இரண்டு.

பாலு அண்ணே எட்டிப் பார்த்தார். ஆபீஸ் அவருடையது. "என்னம்மா செல்வி, கண்மாத் தண்ணியெல்லாம் ஐஸாப் போச்சா? ஷமீமாகிட்டக் குடு, அஞ்சு நிமிஷம்."

அஞ்சு கூட இல்லை, இரண்டு. ஷமீமா நாற்காலியில் உட்காரவே இல்லை. குனிந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். "புது வெர்ஷன்ல லாட்டிட்யூட முதல்ல எடுத்துக்கிருதுக்கா. நம்ம ஃபைல்ல லாங்கிட்யூடு முதல்ல இருக்கு. நாமதான் கவனிக்கல."

கண்மாயெல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டன. "நாமதான்" என்றாளே, அதற்கு "நீங்கதான்" என்று அர்த்தம்.

அவள் வந்து ஏழு மாதம். நான் எட்டு வருஷம். இனி இந்த நோட்டில் ஷ. மட்டும்தான். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

மீதி வேலையை நான் முன்பு எழுதிவைத்த குட்டி புரோகிராமில், அந்தப் பழைய ஸ்கிரிப்டில் ஓட்டி, பட்டியலை ஆபீஸ் ஃபோல்டரில் போட்டேன். தலைப்பெல்லாம் தமிழில்: கண்மாய் பெயர், கண்மாய் பரப்பு, கண்மாய் கரை நீளம். தமிழில் தலைப்பு வைப்பது என் யோசனை. அதையாவது யாரும் இரண்டு நிமிஷத்தில் பிடுங்க முடியாது. திறந்து பார்க்க நேரமில்லை, 5.40 பஸ்.

வாங்க: வெங்காயம், சோப்பு, அவருக்கு பிரஷர் மாத்திரை.


ஜூன் 17, செவ்வாய்

மேகம் மாதிரி ஏதோ வந்து போனது. மழை இல்லை.

ஷ.விடம் இருப்பவை, என்னிடம் இல்லாதவை:
ஸ்கூட்டர்.
முப்பது வயதாகவில்லை.
மூக்குக்கண்ணாடி வேண்டாத கண்.
பாலு அண்ணேயின் "அஞ்சு நிமிஷம்".
அந்த மென்பொருள் ஃபோரத்தில் இவள் சொன்ன ஒரு திருத்தத்துக்கு எவனோ வெளிநாட்டுக்காரன் நன்றி எழுதியிருக்கிறான். பாலு அண்ணே அதை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். என் சீட்டுக்கு நேர் எதிரே.
மத்தியான டப்பாவில் இடியாப்பம், பாயா. எல்லாருக்கும் நீட்டுவாள். நான் மட்டும் வயிறு சரியில்லை என்பேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

பதினொன்றரைக்கு இடி. பாலு அண்ணே: "வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஷமீமா பேசட்டும்மா. நீ எத்தன தடவதான் அலைவ? பஸ்ஸும் அதுவுமா."

நான் அலைகிறேன் என்று யாரிடம் சொன்னேன்? இதுவரை எல்லாக் கூட்டத்திலும் பேசியது நான். அந்த ஊர்க்காரர்களுக்கு "மேப்பு அம்மா" நான். கண்மாய்க் கரையில் நின்று அவர்கள் காட்டக் காட்டக் குறித்துக்கொண்டு வந்தது நான். ஆனாலும் சிரித்துக்கொண்டு "சரிண்ணே" என்றேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மூன்று மணிக்கு ஷ. வந்தாள். "அக்கா, கண்மாய்னு ஆரம்பிக்கிற ஹெட்டிங்கையெல்லாம் கொஞ்சம் சுருக்கிக்கிறட்டா?"

"உன் இஷ்டம். என்னையக் கேட்டுத்தான் எல்லாம் செய்யிறியாக்கும்?"

போய்விட்டாள். ஒன்றும் விட்டுவைக்க மாட்டாள் போல. தலைப்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதிலும் கை வைத்தாகிவிட்டது.

பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் போனில்: "அம்புட்டும் அவளுக்கேன்னா எனக்கு என்னத்த விட்டு வைப்பீக?" என் மனசைத் திறந்து படித்த மாதிரி இருந்தது. சொத்துத் தகராறு போல.


ஜூன் 18, புதன்

காற்று பலம். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி ஒன்று காலி.

மூன்று இருபதுக்கு, சும்மா, ஷ. என்னதான் செய்து வைத்திருக்கிறாள் என்று ஃபோல்டரில் பட்டியலைத் திறந்தேன்.

முதல் தலைப்பு: கண்.
அடுத்தது: புள்ளி போய், ஒரு வெறுங்கட்டத்தோடு, கண_1.
அடுத்தது கண_2.

சுருக்குகிறாளாம் சுருக்கு. கண்மாயைக் கண் ஆக்கிவிட்டாள். அதோடு விட்டதா? எது பரப்பு, எது கரை நீளம் என்று மெஷினுக்கே தெரியவில்லை. கரை நீளத்தைப் பரப்பென்று எடுத்து வரிசை போட்டிருக்கிறது. புளியடிக் குட்டை முதலிடம்! ரோட்டோரமாக நீளக் கரை, உள்ளே ஆடு நனையும் தண்ணீர். செங்கட்டான் பெரிய கண்மாய் பதினெட்டாவது இடத்தில். முந்நூறு வீட்டு வயல் அதை நம்பி இருக்கிறது.

சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கம்தான், ஆனாலும் இது என் நோட்டு. சின்ன வயசில் பரீட்சையில் பக்கத்துப் பெண் தப்பாக எழுதுவதைப் பார்த்த மாதிரி. வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னால் திரையில் "கண்" என்று வரப்போகிறது. பேசட்டும், நன்றாகப் பேசட்டும்.

பத்து நிமிஷம் கழித்து அவளே வந்தாள். "அக்கா, லிஸ்ட் பாத்தீங்களா? ஏதும் தப்பு கிப்பு இருக்கா?"

"பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

என் முகத்தையே பார்த்தாள். "சரிக்கா."

அவ்வளவுதான் நடந்தது. பொய் சொல்ல இவ்வளவு லேசாக இருக்குமென்று நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரவா கேசரி கிண்டினேன். அவர்: "என்னடி விசேஷம்?" ஒன்றுமில்லை, ரவையில் வண்டு விழுகிறது என்றேன். இரண்டாவது பொய்.


ஜூன் 19, வியாழன்

வெயில். கரண்ட் இரண்டு முறை போனது.

ஆபீஸ் போனை நான் எடுத்திருக்கக் கூடாது. செங்கட்டானிலிருந்து ஒரு பெரியவர், கரையெல்லாம் என்னோடு நடந்து காட்டியவர். "மேப்பு அம்மாவா? எங்க கண்மா மேலதான இருக்கும் தாயி? போன தடவ மாதிரி விட்டுறாதீக. மடையெல்லாம் மண்ணு மூடிக் கெடக்கு."

"நாளைக்குத் தெரியும்ணே."

"நீங்கதான வாரீக?"

"இல்லண்ணே, வேற பொண்ணு."

"அது யாரு? அதுக்கு எங்க கண்மாயத் தெரியுமா?"

இந்தக் கேள்வி மட்டும் இனித்தது. மீதியெல்லாம் முள்ளாகக் குத்தியது. சமாதானம் சொல்லிக்கொண்டேன்: ஷ. திரையில் மாட்டிக்கொண்டு விழிக்கட்டும், உடனே நான் போனில் சரியான வரிசையைச் சொல்லிவிடுவேன், செங்கட்டானுக்கு ஒன்றும் ஆகாது. மேப்பு அம்மாதான் வந்து காப்பாற்றினாள் என்றும் இருக்கும். நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்கு, காய் நறுக்கும்போது, ஷ. போன். குரல் கம்மல்.

"அக்கா, காய்ச்சலா இருக்குக்கா. அத்தா எந்திரிக்கவே விடமாட்டேங்கிறாக. பாலு அண்ணேகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு நீங்களே பேசிருங்க."

முதலில் தோன்றியது: என் கண் பட்டுவிட்டதோ. அடுத்து தோன்றியதில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நாளை அந்தத் திரைக்கு முன்னால் நிற்கப்போவது நான்.

லேப்டாப் பாலு அண்ணேயிடம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், அவள் எப்படிக் கண்மாயைக் கண் ஆக்கினாள் என்று. என் ஸ்கிரிப்ட் எழுதுகிற அந்தப் பழைய வகை ஃபைலில் ஒரு தலைப்புக்குப் பத்து இடம்தான். ஆங்கில எழுத்து ஒரு இடம் எடுக்கும், தமிழுக்கு மூன்று. க மூன்று. ண மூன்று. அதன் மேல் புள்ளி, அதற்கும் மூன்று. ஆக ஒன்பது. மா வர இடமில்லை. மூன்று தலைப்பும் கண்ணோடு நின்றுவிட்டன. மூன்றும் ஒரே பெயர் ஆகிவிட்டதால் மெஷின் தானாக _1, _2 ஒட்டியிருக்கிறது.

அவள் சுருக்கவில்லை. என் ஸ்கிரிப்ட்தான் வெட்டியிருக்கிறது. போன வருஷம் தலைப்பெல்லாம் சின்னது, ஒவ்வொன்றும் வேறு எழுத்தில் ஆரம்பித்தது. நுனி போனதைக் கையால் சரிசெய்தேன், மறந்தும் போனேன். இந்த முறை அழகாக இருக்கட்டுமென்று எல்லாவற்றுக்கும் முன்னால் "கண்மாய்" சேர்த்தது நான். திறந்து பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடியதும் நான்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். போனை இரண்டு முறை எடுத்தேன். "நேத்து சரியா இருக்குன்னீங்களேக்கா" என்பாள். வைத்துவிட்டேன். பாலு அண்ணேயிடம் சொன்னாலும் அதே கதைதான்.

குழம்பில் உப்பு இல்லையாம். அவர் சொல்லித்தான் தெரியும்.


ஜூன் 20, வெள்ளி

தூக்கம் இல்லை. கண் எரிச்சல். கண் என்று எழுதவே பிடிக்கவில்லை.

ஏழு மணிக்கு ஆபீஸ் போய்ச் சரி செய்துவிடலாம் என்றிருந்தேன். பாலு அண்ணே ஆறே முக்காலுக்கே போன்: "பரவையிலயே நில்லும்மா, கார்ல வாரேன், நேராப் போயிருவோம்." லேப்டாப் பை பின்சீட்டில், மேலே பேனர் சுருள், அதன்மேல் நாலு மாலை. "ஒரு தடவ பாத்துக்கிறட்டாண்ணே?" என்றேன். "நீ பாக்காததா?" என்று சிரித்தார். வழி முழுக்க ஷ. புராணம்.

கல்யாண மண்டபம். இருநூறு நாற்காலி, ஃபேன் ஆறு. செங்கட்டான் பெரியவர் முதல் வரிசையில். "மேப்பு அம்மா வந்துருச்சுப்பா!" கை கூப்பினேன்.

மனசுக்குள் ஒத்திகை: ஐயா, இதில் ஒரு தப்பு இருக்கிறது, அது என் தப்பு. சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். வாயையும் திறந்தேன். அதற்குள் பாலு அண்ணே ஃபைலைத் திறந்துவிட்டார்.

கண்மாய் பெயர். கண்மாய் பரப்பு. கண்மாய் கரை நீளம்.

முழுசாக. புள்ளியோடு. முதல் வரி: செங்கட்டான் பெரிய கண்மாய். புளியடிக் குட்டை எங்கோ நாற்பதுக்குக் கீழே, அது இருக்க வேண்டிய இடத்தில்.

எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. பேசினேன். கை தட்டினார்கள். பெரியவர் என் கையில் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழத்தை வைத்து அழுத்தினார். "ஒங்க பார்வை பட்டதுலதான் தாயி எங்க கண்மா தப்பிச்சுச்சு." பூமி விரிந்தால் உள்ளே போயிருப்பேன்.

திரும்பும்போது பாலு அண்ணே: "நேத்து ஷமீமாகிட்ட, ஃபைல் எப்படிம்மான்னு கேட்டேன். பக்காவா இருக்குண்ணே, அக்காவுக்கு எல்லாம் தெரியும்னா."

அக்காவுக்கு என்ன தெரியும்?


ஜூன் 21, சனி

லேசான தூறல், பத்து நிமிஷம். அரை நாள் ஆபீஸ்.

ஷ. எனக்கு முன்பே வந்திருந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்?"

"விட்ருச்சுக்கா."

ஃபோல்டரைத் திறந்தேன். பட்டியல் இரண்டு இருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவதன் பெயரில் கடைசியில் ஒரு 2. செவ்வாய்க்கிழமை நாலே காலுக்கு ஷ. போட்டது, புது வகை ஃபைலில், தலைப்புக்கு எத்தனை இடம் வேண்டுமானாலும் எடுக்கிற வகை. நான் எரிந்து விழுந்த ஒன்றேகால் மணி நேரத்தில் செய்திருக்கிறாள். என் தலைப்பில் ஒரு எழுத்தைக்கூடச் சுருக்கவில்லை. நேற்று மண்டபத்தில் பாலு அண்ணே திறந்தது இதைத்தான்.

முதலாவது என்னுடையது. திங்கள், செல்வி. அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில்: கடைசியாகத் திறந்தவர் செல்வி, புதன், 3.20.

மூன்றரைக்குத்தான் அவள் என்னிடம் வந்து கேட்டாள், தப்பு கிப்பு இருக்கா என்று.

ஆக, தெரிந்தே கேட்டிருக்கிறாள். நான் சொல்வேனா என்று பார்க்கக் கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமைக் காய்ச்சலும் எனக்கு இப்போது புரிகிறது. நான் தோண்டிய குழிக்கு முன்னால் என்னையே ஒரு ராத்திரி நிறுத்தி வைத்திருக்கிறாள், குழியைச் செவ்வாய்க்கிழமையே மூடிவிட்டு. பாவி, இதிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. கோபம் வந்தது. வந்த கோபத்துக்கு உட்கார இடம் இல்லை.

மத்தியானம் டப்பாவைத் திறந்து நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு இடியாப்பம் எடுத்துக்கொண்டேன்.

"வியாழக்கெழம நல்லாத் தூங்குனீங்களாக்கா?"

தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்றேன்.

டப்பாவை மூடினாள்.

"நான் புதன்கெழம தூங்கலக்கா."