நெல்லைக் கணக்கெடுக்க வந்த சொர்ணவல்லி

கந்தர்வக்கோட்டை
சித்திரை, 1944

அன்புள்ள மகள் ஞானமணிக்கு,

சர்வேசுரன் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், பட்டணத்துச் சாப்பாட்டில் நீ எப்படியிருக்கிறாய் என்று மறைக்காமல் எழுது. ஆராய்ச்சி செய்யும் விதத்தை எப்படிக் கற்றுக்கொள்ள விருப்பம் என்று உங்கள் புரொபசர் கேட்டதற்கு, எம்.ஏ. முடித்த நீங்கள் எல்லோரும் வகுப்பும் வேண்டாம் புஸ்தகமும் வேண்டாம், நேரே ஊருக்குள் இறங்கிக் கற்றுக்கொள்கிறோம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல விருப்பந்தான். கற்றுக்கொள்ள எங்கள் ஊர்தான் அகப்பட்டது.

உன் சிநேகிதி சொர்ணவல்லியை அவள் அண்ணன் கொண்டுவந்து நம் வீட்டில் விட்டுப் போனார். மறுநாளே கட்டம் போட்ட தாளும் கையுமாகப் புறப்பட்டு, முதல் வீட்டு முனியசாமியிடம், சுகமா என்றுகூட விசாரிக்காமல், நெல் எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். யுத்தத்துக்கு நெல் பிடிக்கிற ஆபீசர்கள் சுற்றும் காலம் என்று அவளுக்கு யார் சொல்வது? சர்க்கார் இந்தத் தடவை பொம்பளையை அனுப்பியிருக்கிறது என்று பேச்சுப் பரவி, அவள் அடுத்த தெருவுக்குத் திரும்புமுன் ஊர் நெல்லெல்லாம் வைக்கோல்போருக்குள் போய்விட்டது. முனியசாமி தொந்தியைத் தடவிக்கொண்டே கூழுக்கும் வழியில்லை என்று அழுதானாம். காத்தாயி, "அடுப்புப் பத்தவச்சே ஒரு மாசமாச்சு தாயி" என்றபோது அவள் கூரைமேல் புகை போய்க்கொண்டிருந்தது, இவள் தலையைத் தூக்காமல் ஒரு மாதம் என்று எழுதிக்கொண்டாள். புருசனை இழந்த பொன்னுத்தாய் ஒருத்திதான், "எங்க வீட்டுல கொறையொண்ணும் இல்லைங்க" என்றாளாம். ஆக, தாளின்படி ஊரில் அவள் ஒருத்தி பணக்காரி, மற்றவர்கள் நாங்கள் எல்லோரும் இதற்குள் செத்துப்போயிருக்க வேண்டும். கஞ்சித்தொட்டி திறக்கச் சொல்லி சர்க்காருக்கு மனு எழுதிவைத்திருக்கிறேன் என்று சொர்ணவல்லி கண்ணைத் துடைத்தாள். விசாரிக்க வருகிற ஆபீசர் வைக்கோல்போரைக் கிளறாமல் போவானா? "ரெண்டு நாளு பொறு தாயி, தாளை வச்சிட்டு எங்களோட முந்திரித் தோப்புக்கு வா" என்றேன்.

வந்தாள். பாவம், கொட்டை உடைக்கும்போது ஓட்டிலிருக்கிற எண்ணெய் தெறித்துக் கை வெந்துபோயிற்று. மத்தியானம் நாங்கள் கஞ்சிக் கலயத்தைத் திறந்தோம், பொன்னுத்தாய் மட்டும் அங்கிட்டு ஒதுங்கி உதிர்ந்த முந்திரிப்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். கேட்டால், அதென்றால் தனக்கு உசிராம். சொர்ணவல்லி அவளையும் எங்கள் கலயங்களையும் மாறிமாறிப் பார்த்தாள், அதன்பின் அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்தும் அன்றைக்குத்தான் கவனித்த எங்களுக்கும்தான்.

கொடுத்தால் வாங்குகிறவளா பொன்னுத்தாய்? சாயங்காலம் காத்தாயி ஒரு நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்று, "ஆபீசரு வந்துருவாகன்னு பயமா இருக்கு, இதை ஒன் வீட்டுல ஒளிச்சு வைய்யி, எலி திங்கிறதுக்கு முந்தி நீ எடுத்துப் பொங்கு, மத்ததைப் பெறகு பாத்துக்கலாம்" என்றாள். பொன்னுத்தாய் கதவை அகலத் திறந்தாள்.

சொர்ணவல்லி மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அந்த மூட்டையை யார் வீட்டுக் கட்டத்தில் எழுதுவது அம்மா என்று என்னைக் கேட்டாள். அதை உங்கள் புரொபசரைக் கேட்டு எழுது. காத்தாயி இன்னும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

பட்டணம் திரும்பும் சொர்ணவல்லியிடம் முந்திரிப்பருப்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன், கை வெந்தவளுக்குப் பாதி கொடு. நீயும் ஏதோ ஓர் ஊரைப் பிடிக்கப் போகிறாயே, வெயிலில் குடையில்லாமல் அலையாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
அடைக்கலமேரி