பெட்டி வாங்குவதா, நானே கட்டுவதா

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க் மறுபடி டக்டக். போனிலும் இடமில்லை. இந்த மாதம் பாப்பா வந்துவிடும். அதற்குள் படங்களைப் பத்திரமாக வைக்க ஓர் ஏற்பாடு.

இவர் கட்சி: படங்களைச் சேமிக்கக் கடையில் ரெடியாகக் கிடைக்கும் நாஸ் பெட்டி வாங்கு, வயரைச் செருகு, வேலை முடிந்தது. என் கட்சி: பழைய கம்ப்யூட்டர், இரண்டு புது டிஸ்க், லினக்ஸ் போட்டு நானே கட்டும் சர்வர். ஆபீசில் நாள் முழுக்க சர்வர் மேய்க்கிறவள் வீட்டுக்குப் பெட்டி வாங்கினால் மானம் போய்விடும்.

"நீ ஆஸ்பத்திரில கீறப்போ அது பட்த்துக்கினா யாரு எய்ப்புவா?"

ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனேன்.

நவ. 6, வியாழன்

கட்டிவிட்டேன்! குனிய முடியாததால் கட்டில்மேல் வைத்தே எல்லா வேலையும். கல்யாண வீடியோ தப்பித்தது. ஸ்கேன் படம்கூட டிவியில் வருகிறது. மாமியார் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"மூக்கு அப்டியே எங்க ஊட்டு மூக்கு."

எங்கே மூக்கைக் கண்டாரோ.

வேண்டியவை: பிளாஸ்க், நாப்கின், பழைய வேட்டி (பீரோவில் தேட).

நவ. 9, ஞாயிறு

ஐயப்பன்தாங்கல், அம்மா வீடு. இவர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பிரசவம் முடிந்தும் மூன்று மாதம் இங்கேதான். அது படுத்துக்கொண்டால் யார் எழுப்புவது என்று அவர் கேட்ட கேள்வி மண்டையிலேயே. அவர் சொன்னதுதான் சரி. போனிலேயே நாஸ் பெட்டி ஆர்டர். அவரிடம் சொல்லவில்லை. கொஞ்சம் அழுகை. பெட்டிக்காகவா, தெரியவில்லை.

நவ. 11, செவ்வாய்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போய் வந்ததாம். சர்வர் எழவில்லை. இவர் போன்.

"கறுப்பா கீது. இங்கிலீஷ்ல இன்னான்னமோ எய்தி கீது."

"படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு டிஸ்க்கைக் காணோமாம்.

"ஆஃப் பண்ணிட்டு மூடியக் கழட்டுங்க. ஒவ்வொரு கேபிளா அழுத்திப் பாருங்க."

பெருமூச்சு. ஏதோ உருண்டு விழுந்த சத்தம்.

"ஒண்ணு தொளதொளன்னு கீதும்மா!"

அழுத்தினார். ஆன் செய்தார். அப்புறம் போனே அதிர, "வந்துச்சு! வந்துச்சு!" நானும் கத்திவிட்டேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"இன்னாடி, வலியா?"

"இல்லம்மா, சர்வர்."

திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

நவ. 13, வியாழன்

பெட்டி கள்ளிக்குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. இவருக்குக் கோபம்.

"இத்த யாரு கேட்டா?"

"நீங்கதான!"

"அது அப்போ. இப்போதான் நான் கீறேன்ல?"

திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டில் எல்லாம் "எங்க சர்வரு" என்று ஒரே பேச்சாம், மாமியார் தகவல். சிரித்துச் சிரித்து இடுப்பு வலி. சிரிப்பினால்தானா?

நவ. 16, ஞாயிறு

பெண்! நேற்று மதியம். இரண்டு பேரும் நலம். மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் உடனுக்குடன் வீட்டுச் சர்வருக்குப் போய்விட்டதாம்.

பார்க்கலாம் என்று படுத்தபடியே போனில் திறந்தேன். உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்! நான் கட்டிய சர்வர்! கேட்டேன்.

"மொதல்ல கொஞ்சம் தூங்கு. எய்ந்ததும் சொல்றேன்."