இரண்டு டிகிரி குறைகிறது

ஜூலை 14, செவ்வாய்

கொதிநீரிலிருந்து பித்தளைக் கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டு, எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்கும் பரிசோதனை இன்று. என் லேபில்தான். கணக்குப்படி முப்பத்தைந்து டிகிரி வர வேண்டும். எல்லோருக்கும் வந்தது. ரேவதிக்கு மட்டும் முப்பத்துமூன்று.

"உனக்கு மட்டும் எப்படிம்மா கம்மியா வருது?"

"பார்த்ததைத்தான் சார் எழுதினேன்."

"அவ தண்ணிக்கு மட்டும் சூடு ஏறலையாம் சார்" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் ரெக்கார்டில் குறுக்கே கோடு போட்டு, சரியாக எழுதி வரச் சொன்னேன். என் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்கு மார்க் கிடையாது.

லேப் காலியானதும் நானே செய்து பார்த்தேன். முப்பத்துமூன்று. ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி செய்தேன். அப்போதும் முப்பத்துமூன்றுதான். மீதி இரண்டு டிகிரி எங்கே போகிறது? கட்டியைத் தூக்கி வரும்போதா, பாத்திரத்துக்குள்ளா? தாம்பரம் வரும்வரை ரயிலில் யோசித்தேன். பிடிபடவில்லை.

அப்படியானால் மற்ற முப்பது பேருக்கும் முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது? அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். படிக்கும்போது நானும் கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் ரீடிங்கை எழுதினேன்.

நாளைக்கு ரேவதி முப்பத்தைந்து என்று திருத்திக் கொண்டுவந்து நீட்டுவாள். வாங்கி என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.