கிராம்புத் தைலமும் நீங்கள் சொன்ன பொய்யும்

அத்தை,

நேற்றுக் குளியலறை அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் கிராம்புத் தைலச் சீசா கிடைத்தது. அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம்தான், ஆனாலும் மூடியைத் திறந்ததும் அந்த வாசம் அப்படியே வந்தது. இப்போதெல்லாம் எந்த வேலையையும் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நேற்றும் ஈரத் துணியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பா பிறந்த புதிது. அவள் அழுவாள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். தூக்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். தூக்கவே பிடிக்கவில்லையே என்பது அதைவிடப் பெரிய பயம். பிரசவம் பார்த்த டாக்டரம்மா, கோயமுத்தூரில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். கருமத்தம்பட்டியில் அதைச் சொல்லிவிட்டுத் தலைகாட்ட முடியுமா? நீங்கள்தான் தறியை நிறுத்திவிட்டு வந்து சொன்னீர்கள்: "பல்லு வலின்னு சொல்லிப்போடலாம் கண்ணு. பல்லுன்னா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கேட்காமல் விட்டார்களா? வாராவாரம் பல்லுக்குப் போகிறவளைப் பார்க்கச் சொந்தமெல்லாம் கிளம்பி வந்தது. குழைந்த சோறும் கூழுமாகத் தூக்குப்போசிகள் வந்து நிறைந்தன. பெருந்துறையிலிருந்து வந்த உங்கள் அக்கா டார்ச் லைட்டோடு என் முன்னால் உட்கார்ந்து, "எங்கே, வாயத் தொற அம்மணி, பாக்கலாம்" என்றார். "மருந்து வெச்சிருக்குதுங்க அக்கா, காத்துப் படக்கூடாதாமா" என்றீர்கள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அதற்கப்புறம்தான் இந்தச் சீசா வந்தது. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் ஓடிவந்து என் கன்னத்தில் தடவுவீர்கள். பிள்ளை பெற்றபின் நான் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

ஆலோசகர் அறைக்குள் நான் போனால், நீங்கள் பாப்பாவோடு வெளியே நாற்காலியில் இருப்பீர்கள். ஒருநாள் நான் வெளியே வந்ததும் அவர் உங்களையும் கூப்பிட்டார். "எனக்கென்னங்க, நான் தொணைக்கு வந்தவ" என்று தயங்கிவிட்டு, பாப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போனீர்கள். அவள் வீறிட்டாள். வாங்கிக்கொள்ள ஆளில்லை. வேறு வழியில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், அவளும் தூங்கிப்போனாள். வெகுநேரம் கழித்துச் சிவந்த கண்களோடு வெளியே வந்தீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "உன்ற ஊட்டுக்காரன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் கண்ணு. கெணத்துப் பக்கம் என்னையத் தனியா உட மாட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்ல." அப்புறம் நாம் அதைப் பேசியதே இல்லை.

இப்போது எனக்கு மாதவிலக்கு நிற்கும் காலம். தூக்கமில்லை. ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுகிறேன், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுக்கிறேன். அலுத்துப்போய்விட்டது அத்தை. இதையும் எப்படித் தனியாகத் தாண்டினீர்கள் என்று நீங்கள் இருந்தவரை ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

நேற்று மாலை புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். கல்லூரியிலிருந்து வந்த பாப்பா, "எங்கம்மா கெளம்பிட்டே?" என்றாள். பல்லுக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. தைல வாசம் இன்னும் கையில் இருந்தது.

"மனசு செரியில்ல சாமி. அதுக்குத்தான் பாக்கப் போறேன்."

தோள்பையை இறக்கி வைத்தாள். பிறகு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "தனியா எதுக்குப் போறே? நானும் வாரேன்."

ஆலோசகர் அறைக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தேன். தூக்கப் பயந்து நான் விலகிப் படுத்த பிள்ளை, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தினேன்.