கால்விரலில் மூன்று நிறம்

திருப்புலி நாடு
வைகாசி 12

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் ஆடு கோழியெல்லாமும் சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறோம், நீயும் அந்தக் குவாஹாத்தி மழையில நனையாம நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருக்கோணும்னு அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டுக்கறேன். ரயில்வே ட்ரெயினிங் முடிஞ்சு பாஸாயிட்டேன்னு நீ போன் பண்ணுன அன்னிக்கு உங்கம்மா ரோட்டுல போறவங்க வாரவங்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாட்டுச் சர்க்கரை குடுத்தா, எனக்கு மட்டும் குடுக்கல. ஏன் குடுக்கலைங்கறதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. போன்ல சொன்னா நீ நடுவுல அழுதுருவ, நானும் பாதியச் சொல்லி மீதிய முழுங்கிருவேன். முதல்லயே சொல்லிடறேன் கண்ணு, இப்ப எனக்கு ஒண்ணுமில்ல, காலையில மிளகுக் கொடிக்கு மண்ணு அணைச்சுட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன்.

நீ ரயிலேறிப் போன பத்தாம் நாளு, குச்சிக்கிழங்கு புடுங்குன காட்டுல வெட்டிவிட்ட குச்சி ஒண்ணு இடது கால் ரெண்டாம் விரல்ல ஏறிருச்சு. ஏறுனது எனக்குத் தெரியவே இல்ல, அதுதான் ஆச்சரியம். சாயங்காலம் கால் கழுவறப்பத் தண்ணி செவப்பாப் போச்சு, அப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன். வலி இல்ல, அப்பறம் என்னத்துக்கு ஊரைக் கூட்டறதுன்னு ஒரு துணியச் சுத்திக்கிட்டு அடுத்த நாளே மிளகு பறிக்க ஏணி ஏறிட்டேன். உங்கம்மாகிட்டயும் சொல்லல, பதினஞ்சு நாளு. கடைசியில நம்ம நாய்தான் காட்டிக் குடுத்துச்சு, நான் எங்க உக்கார்ந்தாலும் வந்து அந்தக் காலையே மோந்து மோந்து பார்க்குது. ஏனுங்க, நாய் அப்படி என்னத்தைக் கண்டுச்சு உங்க கால்லன்னு உங்கம்மா துணியை அவுத்துப் பார்த்தா, விரல் நுனி கரிக்கட்டையாட்டம் கருத்துக் கிடக்குது. அவ போட்ட சத்தத்துல மேலக்காட்டுக் கருப்பண்ணன் மாமா என்னமோ ஏதோன்னு பிக்கப் வண்டியோடவே வந்துட்டாரு. மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு எறங்கற வரைக்கும் அத்தனை வளைவுலயும் உங்கம்மா என் காலைத் தன் மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டே வந்தா, திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

ஆஸ்பத்திரியில பார்த்தது கலைச்செல்வின்னு ஒரு டாக்டரம்மா, உன்னைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, சர்க்கரை முன்னூத்தி எண்பது. எத்தனை வருஷமாவோ உள்ளயே இருந்துருக்குது, கால் நரம்பு மரத்துப் போச்சு, அதனாலதான் குச்சி குத்துனது தெரியலைன்னு சொல்லிட்டாங்க. வெரலை எடுத்துருவீங்களான்னு உங்கம்மா கேட்டா. அந்த டாக்டர் புள்ள ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கால்மாட்டுல உக்கார்ந்து, நம்ம உடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத செல்லாலதானுங்கய்யா கட்டியிருக்குதுன்னு ஆரம்பிச்சுது. செல்லுன்னதும் நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், அதுக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் விரல்ல மூணு நிறத்தைத் தொட்டுக் காட்டுச்சு. நுனியில கருப்பு, அது செத்துப்போன செல்லு, அதை இனி யாராலயும் திருப்ப முடியாது. அடியில செவப்பா வீங்கியிருக்கறது, ரத்தத்துல இருந்து வெள்ளை அணுவெல்லாம் எறங்கிக் கிருமியோட சண்டை போடற எடம், அந்த வீக்கமும் சூடும் உடம்பு சும்மா இல்லைங்கறதுக்கு அடையாளம். நடுவுல நீலம் பாஞ்ச மாதிரி ஒரு எடம் இருக்குது பாருங்க, அதுதான் முக்கியம்னுச்சு. அந்தச் செல்லெல்லாம் அடிபட்டு உப்பிப்போயிக் கிடக்குது, ஆனா சாகல. ரத்தம் போயிச் சேர்ந்தாத் தேறிக்கும், சேரலைன்னா ஒரு எல்லையத் தாண்டிரும், தாண்டிட்டா அதுவும் கருப்புதான். மருந்து குடுத்துச் சர்க்கரையக் குறைச்சு அஞ்சு நாள் பார்ப்போம், எதுவரைக்கும் எடுக்கோணும்னு வெரலே காட்டிரும்னுச்சு. பீடி குடிச்சா ரத்தக்குழாய் சுருங்கும், நீலத்துக்குப் போற ரத்தத்தை நீங்களே புடிச்சு நிறுத்துற மாதிரின்னும் சொல்லுச்சு. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் சாமி, மடியில இருந்த பீடிக் கட்டை எடுத்து உங்கம்மா கையில குடுத்துட்டேன், அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் தொடல.

ஆனா மூணாம் நாள் எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. மிளகு பழுத்து உதிர்ந்து போகுமே, ஊட்டுக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு சட்டையத் தேடுனேன். உங்கம்மா என் சட்டையச் சுருட்டித் தன் மடியில வெச்சுக்கிட்டு, மிளகு அடுத்த வருஷமும் காய்க்குமுங்க, காலு காய்க்காதுன்னா. அந்த நேரம் பார்த்து நீ வீடியோவுல கூப்பிட்ட. ஞாபகம் இருக்குதா, பின்னால வெள்ளைச் செவுரு தெரியுதே எங்கப்பா இருக்கீங்கன்னு கேட்ட, பாங்கியிலன்னு சொன்னேன், பாங்கியில எதுக்குப்பா சட்டையில்லாம இருக்கீங்கன்னு கேட்ட, கரண்ட் இல்ல வேக்காடா இருக்குதுன்னு சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. நீ போனை வெச்சதும் நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன், அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். சொன்னா நீ பாதியில கிளம்பி வந்துருவ, வந்தா மறுபடியும் அடுத்த பேட்ச்சோட முதல்ல இருந்து படிக்கோணும்னு நீதான் சொல்லியிருந்த. அதனால பொய் சொன்னேன்.

அஞ்சாம் நாள் கட்டைப் பிரிக்கறப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன். உங்கம்மாதான் பார்த்தா. செவந்துருக்குதுங்கன்னு கத்துனா. நீலம் இருந்த எடம் பூராவும் இளஞ்செவப்பாத் திரும்பியிருந்துச்சு கண்ணு. அந்தக் கருப்பு நுனியை மட்டும், நகத்தோட சேர்த்து, எடுத்தாங்க. அதுக்கப்பறம் புண்ணுக்குள்ள சாமை அரிசி தெளிச்ச மாதிரி மணி மணியா செவப்புச் சதை ஏறுச்சு, அதைப் பார்த்து நர்ஸம்மா ரொம்ப சந்தோசப்பட்டாங்க. முழுசா மூட ரெண்டரை மாசம் ஆச்சு. நம்ம பக்கத்து ஊட்டு அத்தாயி பேத்தி முட்டியில அடிபட்டு ஒரே வாரத்துல ஆறிருச்சே, எனக்கு ஏன் இவ்வளவு நாளுன்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுதான் புதுச்சதை வருது, வயசாக ஆக அதுல கொஞ்சம் பிரியறதை நிறுத்திக்கும், சர்க்கரை வேற ஆறவிடாம இழுத்தடிக்குது, ஆனா உங்க செல்லு வேலைய விடலைங்கய்யான்னுச்சு. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மீசை முறுக்கல்தான்.

இன்னொரு வேடிக்கை. ஆஸ்பத்திரியில பதினெட்டு நாளு, அப்பறம் ஊட்டுல காலை நீட்டிக்கிட்டு ரெண்டு மாசம். உள்ளங்கைக் காய்ப்பெல்லாம் உரிஞ்சு பாப்பாக் கை மாதிரி ஆயிருச்சு, தொடை ஒரு சுத்து இளைச்சுருச்சு. வேலை இருந்தாத்தான் உடம்பு தடிக்குமாம், இல்லைன்னா எதுக்குன்னு குறைச்சுக்குமாம். இப்ப மம்பட்டி புடிச்சு முதல் நாளே கொப்புளம், உங்கம்மா புது மாப்பிள்ளைக் கைன்னு கேலி பண்றா. ஒரு மாசத்துல மறுபடி காய்ப்பு ஏறிரும். ஏணி மட்டும் இனிமே இல்ல, மிளகு பறிக்க ஆள் விட்டுக்கறோம்.

நீயும் ஒருக்கா ரத்தம் குடுத்துச் சர்க்கரை பார்த்துரு, எங்க பரம்பரையில இருக்குதுன்னு இப்பத்தான தெரியுது. நைட் டூட்டியில பிஸ்கட்டு தின்னு வயித்தை ஏமாத்தாத. கால்ல ஷூ கடிச்சா அன்னிக்கே பாரு, வலிச்சாச் சந்தோசப்படு, வலி தெரியறதே ஒரு பாக்கியம்னு இப்பப் புரியுது. பலாப்பழம் மரத்துல பழுத்து மணக்குது, உங்கம்மா எனக்கு ரெண்டே ரெண்டு சுளை அளந்து குடுக்கறா.

நல்ல பேரு எடுத்து நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி. கோபம் வரும், வரட்டும், உங்கம்மாவைத் திட்டாத, மறைக்கச் சொன்னது நான்தான். என்னைத் திட்டறதா இருந்தாக் காலையில பத்து மணிக்கு மேல கூப்பிடு. அப்ப நான் தண்ணித் தொட்டி மேட்டுல நிப்பேன், அங்கதான் சிக்னல் நல்லாக் கிடைக்குது, நீ திட்டறது ஒண்ணுகூட விட்டுப் போகாமக் கேட்கும்.

உன் மேல உசுரா இருக்கற அப்பா,
அப்பாசாமி