பர்லியாரில் கொதிக்காத லாரி

இன்று காலை ஷெட்டுக்குள் ஊதுபத்தி வாசனை நிறைந்திருந்தது. ஜீப்பைக் காட்ட வந்த கோத்தகிரிக்காரர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, பூசை முடிச்சுட்டே கூப்பிடுங்க, நான் இப்படி நிக்கறேன்" என்றார். நானோ அவர் ஜீப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டு, ரேடியேட்டர் ஓரத்தில் பத்தியைப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உனக்குச் சேதி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏறிவிட்டதடா! உன் லாரி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், முழு லோடோடு, கொதிக்காமல் ஏறிவிட்டது.

எஸ்டேட்டில் கழித்துப்போட்ட அந்த லாரியை நீ ஏன் வாங்கினாய் என்று ஊரே கேட்டது. என்னிடம் மட்டும்தான் சொன்னாய். சிலோனிலிருந்து வந்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இறங்கிய உன் குடும்பத்தை, தகரப் பெட்டியும் பாயுமாக, இந்த மலைக்கு ஏற்றிவந்தது அந்த வண்டிதான். ஆறு வயதில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாயாம். "அதே ரோட்ல நான் ஓட்டிக்கிட்டு ஏறணும், மச்சான்" என்றாய்.

பழைய பெட்ரோல் இஞ்சின் செத்துக் கிடந்தது. ஒரு டீசல் இஞ்சினைத் தேடிப் பிடித்து அதன் இடத்தில் உட்காரவைக்க எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. புது இஞ்சின் நீளம் அதிகம். ரேடியேட்டரை முன்னால் தள்ளவேண்டியதாயிற்று. விசிறியைச் சுற்றியிருந்த தகரக் கூடு இடித்தது. கழற்றி எறிந்தேன். ரேடியேட்டரின் ஓரச் சந்தை அடைத்திருந்த பக்கத் தகடுகளும் போயின. "நம்ம குளிருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

மலை மெக்கானிக்கின் புத்தி அது. மார்கழிக் காலையில் ரேடியேட்டர் முன்னால் சாக்கைக் கட்டி இஞ்சினைச் சூடாக்குகிற ஆட்கள் அல்லவா நாம்! ஊட்டிக்கு நாலு தடவை போய் வந்தோம், சூட்டு முள் பாதிக்கு மேல் அசையவில்லை. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் கீழே இறங்கி, உர மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மலை ஏறும் வழியில், பர்லியாரில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டதும் நீ சட்டைப்பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினாய். டீ பாக்டரியில், கொழுந்து வாட்டும் தொட்டியில் காற்று எங்கே போகிறதென்று பார்க்க நீ செய்கிற வேலை அது.

"கொழுந்து ஒரு மூலையில மெலிசாக் கிடந்தா காத்து பூரா அதுவழியாத்தான் ஓடும், மத்த கொழுந்து வாடாது. இங்கயும் அதேதான். ரேடியேட்டரத் தாண்டின சூட்டுக்காத்து ஓரத்துச் சந்து வழியா முன்னுக்கே வருது. இஞ்சின் மூச்சு இழுக்கிற குழாயும் அந்தச் சூட்டுக்குள்ளதான் கிடக்கு. இஞ்சினுக்கு ஏலும், மச்சான். காத்துக்குத்தான் ஏலாது."

முடியும், முடியாது என்பதற்கு நீ சொல்லும் அந்தச் சிலோன் ஏலும், ஏலாதை முப்பது வருஷமாகக் கேலி செய்தவன் நான். அன்றைக்குக் கேலியோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவர்கள் காதுபட, "இலை வாட்டறவனுக்கு இஞ்சினப் பத்தி என்னடா தெரியும்?" என்றேன். நீ பத்தியை மண்ணில் குத்தி அணைத்தாய். மூன்று வாரம் நான் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. நாலாவது வாரம் உன் மகள் போன் செய்தாள். நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்றாள்.

இலை வாட்டறவன் என்ற அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் எனக்குக் கூசுகிறது.

காரியம் முடிந்ததும், லாரியை இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்றார் உன் மருமகன். உன் மகள் ஒரே பிடியாக நின்றாள். "ஒரே ஒரு தடவ ஏறட்டும், மாமா. ஏறலைன்னா நானே குடுத்துடறேன்."

அன்றைக்குத்தான் பத்தியைக் கொளுத்தி ரேடியேட்டர் ஓரத்தில் பிடித்தேன். சந்து வழியாக வந்த சூட்டுக்காற்று புகையைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் வந்து, மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே நுழைந்தது! நீ சொன்னது அப்படியே கண்ணெதிரே! நான் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் ஓடிவந்துவிட்டார். உன் பாக்டரியில் கழித்த ரப்பர் பெல்ட்டை வாங்கி வெட்டிச் சந்துகளை அடைத்தேன். விசிறிக்கு ஒடுக்கமாக ஒரு புதுக் கூடு செய்தேன். மூச்சுக் குழாயை பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து, கேபின் ஓரமாக மேலேற்றி, மழைத்தண்ணீர் புகாதபடி வாயைப் பின்பக்கம் திருப்பினேன். மறுபடியும் பத்தி. இந்தத் தடவை ஓரத்தில் புகை ஆடாமல் நின்றது. முன்னால் பிடித்தால் சர்ரென்று உள்ளே போயிற்று.

போன ஞாயிறு, உர மூட்டை ஏற்றிக்கொண்டு, நல்ல உச்சி வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினோம். உன் மகள் பக்கத்தில் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் வந்தாள். பர்லியார் வந்தது. "நிறுத்தலாமா மாமா?" என்றாள். முள் பாதியைத் தாண்டி, கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. நான் நிறுத்தவில்லை. அன்றைக்கு நீ பத்தியைக் குத்தின இடத்தைத் தாண்டும்போது வாய்விட்டே, "நீ சொன்னதுதான் சரிடா" என்றேன்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"உங்க அப்பன்கிட்ட."

குன்னூரில் வண்டியை நிறுத்தியதும், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், அந்தக் கேன் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினாள். அந்தக் குளிரில்! இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறேன்.

லாரி இரும்புக்கடைக்குப் போகாது. உன் மகள் ஓட்டப் பழகுகிறாள்.

இன்று பத்தி எரிந்து முடிந்ததும் கோத்தகிரிக்காரர் உள்ளே வந்தார். "பூசை முடிஞ்சுதுங்களா? வண்டி மலை ஏறிடுமுங்களா?" என்று கேட்டார். ஜீப்பைப் பார்த்தேன். பதில் என் வாயிலிருந்து உன் பேச்சாக வந்தது.

"ஏலுமுங்க" என்றேன்.